வேலை நாளில் வீட்டுச் சாப்பாடு: 20 நிமிடத்தில் நிஜமாகவே முடியுமா?

யூடியூபில் ‘10 நிமிட டின்னர்’ என்று தேடிப் பாருங்கள். வீடியோக்கள் வந்துகொண்டே இருக்கும். அதே டிஷ்ஷை நம் வீட்டு கிச்சனில் செய்தால் 50 நிமிடம் ஆகிறது. ஏன்? வீடியோவில் வெங்காயம் நறுக்கியே இருக்கும். பருப்பு வெந்தே இருக்கும். புளி கரைத்தே இருக்கும். கேமரா ஆன் ஆவதற்கு முன்னாடியே பாதி சமையல் முடிந்துவிட்டது.

வேலைக்குப் போகிறவர்களின் சமையல் பிரச்சனைக்கான விடையும் இதற்குள்தான் இருக்கிறது. சீக்கிரம் சமைக்க வேண்டும் என்றால் புது ரெசிபி தேட வேண்டியதில்லை. மெதுவாக நடக்கும் வேலைகளை வேறு ஒரு நாளுக்குத் தள்ளிவைத்தால் போதும். எதைத் தள்ளலாம், எத்தனை நாள் வைக்கலாம், எது ஆபத்து, தட்டில் என்னென்ன இருக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சமைக்கிற நேரம் எங்கே போகிறது?

சாதாரண சாம்பாரையே எடுத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கான அளவில், சுமாராக இப்படித்தான் நேரம் போகும்:

• பருப்பு கழுவி, குக்கரில் வைத்து, ஆவி அடங்கும் வரை: 25 நிமிடம்
• புளி ஊறவைத்துக் கரைக்க: 15 நிமிடம்
• சின்ன வெங்காயம் உரித்து, காய் நறுக்க: 12 நிமிடம்
• காய் வெந்து, பருப்பு சேர்ந்து கொதிக்க: 15 நிமிடம்
• தாளிக்க: 3 நிமிடம்

சிலது ஒரே நேரத்தில் நடக்கும் என்றாலும் மொத்தம் 40 நிமிடத்துக்குக் குறையாது. இப்போது இதை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று, கை வேலை. உரிப்பது, நறுக்குவது, கரைப்பது. இன்னொன்று, காத்திருக்கும் வேலை. ஊறுவது, வேகுவது, புளிப்பது. அன்றைக்கே, அந்த நேரத்திலேயே செய்தால்தான் நன்றாக இருக்கும் என்று சொல்லத்தக்கவை கடைசி இரண்டு மட்டும்தான். மற்ற எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிக்கலாம். வெந்த பருப்பும், நறுக்கிய காயும், புளிக் கரைசலும் கையில் இருந்தால் சாம்பார் 18 நிமிட வேலை.

இது ஒன்றும் புதுசு இல்லை. நம்ம ஊர் சமையலே இப்படி யோசித்து உருவானதுதான். ஒரு நாள் அரைத்து நாலு நாள் ஊற்றும் இட்லி மாவு, மாதக்கணக்கில் வரும் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், தொக்கு, வத்தல், வடகம் எல்லாமே ‘முன்னாடியே பாதி முடித்துவைத்த’ சமையல்தான். ‘மீல் பிரெப்’ என்று இன்ஸ்டாவில் பார்ப்பதை நம் வீடுகளில் வேறு பெயர்களில் எப்போதோ செய்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை 90 நிமிடத்தில் என்ன செய்யலாம்?

இரண்டு பர்னர் அடுப்பு, ஒரு குக்கர், ஒரு ஃப்ரிட்ஜ். இருவருக்கான கணக்கு இது. சனிக்கிழமை இரவு 200 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலையை ஊறப்போட்டுவிடுங்கள். மறுநாள்:

முதல் 10 நிமிடம்: ஒரு பர்னரில் கொண்டைக்கடலை குக்கர். இன்னொன்றில் 6 முட்டை. சின்னக் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிப் புளி. ஒன்றரைக் கப் துவரம்பருப்பைத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். அரை மணி நேரம் ஊறினால் சீக்கிரம் வெந்துவிடும், கேஸும் மிச்சம்.

அடுத்த 20 நிமிடம்: அரைக் கிலோ வெங்காயம், அரைக் கிலோ தக்காளி நறுக்குதல். கண் எரியும் வேலைதான். ஆனால் வாரத்துக்கு ஒரே தடவை. இஞ்சி, பூண்டையும் இப்போதே அரைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த 30 நிமிடம்: முட்டை இறங்கிய பர்னரில் அகலமான வாணலி. எண்ணெய், சோம்பு, வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, தக்காளி, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், மல்லித்தூள். எண்ணெய் பிரியும் வரை வதங்கட்டும். இதுதான் அடிப்படைத் தொக்கு. குருமா, முட்டைத் தொக்கு, சப்பாத்திக்கு கிரேவி எல்லாவற்றுக்கும் இதுவே தொடக்கம். இது வதங்கும்போது கொண்டைக்கடலை இறங்கியிருக்கும். அதே குக்கரில் பருப்பை வையுங்கள்.

கடைசி 30 நிமிடம்: பீன்ஸ், கேரட் நறுக்கி, ஈரமில்லாத டப்பாவில் போடுங்கள். கீரையை வேர் நீக்கி ஆய்ந்து, கழுவாமல் காட்டன் துணியில் சுற்றுங்கள். நியூஸ்பேப்பரில் சுற்றும் பழக்கம் நிறைய வீட்டில் இருக்கிறது. அச்சு மையில் இருக்கும் ரசாயனங்கள் உணவில் ஒட்டக்கூடும் என்பதால் அது வேண்டாம் என்கிறது உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ. புளியைக் கரைத்து, உப்பு, மஞ்சள்தூள் போட்டுச் சுண்டக் கொதிக்கவைத்து பாட்டிலில் ஊற்றுங்கள். அவ்ளோதான்.

இட்லி மாவு வீட்டில் அரைப்பவர்கள் ஞாயிறு காலை ஊறவைத்து, மதியம் அரைத்து, இரவு முழுக்கப் புளிக்கவிட்டு, திங்கள் காலை ஃப்ரிட்ஜில் வைக்கலாம். நேரம் இல்லையா? கடை மாவு வாங்குவதில் தப்பே இல்லை.

எதை எத்தனை நாள் வைக்கலாம்?

முன்கூட்டியே சமைப்பதில் சொதப்பக்கூடிய இடம் இதுதான். ‘ஃப்ரிட்ஜில் இருக்கு, ஒண்ணும் ஆகாது’ என்பது உண்மை இல்லை. ஃப்ரிட்ஜ் கிருமிகளைக் கொல்வதில்லை. அவை பெருகும் வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான்.

• வெந்த பருப்பு: 3 நாள்
• வெந்த கொண்டைக்கடலை: 3 நாள். மீதியைச் சின்னச் சின்ன டப்பாவில் ஃப்ரீசரில் போட்டால் ஒரு மாதம்
• வெங்காயத் தக்காளித் தொக்கு: 4 நாள். ஃப்ரீசரில் ஒரு மாதம்
• ஓடு உரிக்காத வேகவைத்த முட்டை: 7 நாள். உரித்துவிட்டால் சீக்கிரம் தீர்க்க வேண்டும்
• நறுக்கிய பீன்ஸ், கேரட்: 3 முதல் 4 நாள்
• ஆய்ந்த கீரை: 2 நாள்
• துருவிய தேங்காய்: ஃப்ரீசரில் ஒரு மாதத்துக்கு மேல்

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் எளிமையானது. 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டமான வெப்பநிலை. அதனால் சமைத்த உணவை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. திரும்பச் சூடாக்கும்போது 70 டிகிரிக்கு மேல், அதாவது நடுப்பகுதி வரை ஆவி பறக்க, சூடாக வேண்டும். லேசாக வெதுவெதுப்பாக்கிச் சாப்பிடுவது போதாது.

சோற்றில் கூடுதல் கவனம் தேவை. அரிசியில் ‘பேசில்லஸ் சீரியஸ்’ என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். கொதிக்கும் தண்ணீரில்கூட இந்த வித்துகள் சாகாமல் தப்பிவிடும். சோறு மணிக்கணக்கில் வெளியே இருந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை உருவாக்கும். அந்த நஞ்சில் ஒருவகை, மறுபடி சூடாக்கினாலும் போகாது. காலையில் வடித்த சோறு மேடையிலேயே இருந்து, ராத்திரி ஃப்ரைடு ரைஸ் ஆவதில் இருக்கும் ரிஸ்க் இதுதான். மிஞ்சும் என்று தெரிந்தால், அகலமான தட்டில் பரப்பிச் சூட்டைத் தணித்து, சீக்கிரம் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளே தீர்த்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம், கரண்ட் கட். பராமரிப்புப் பணிக்காக காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை மின்தடை என்ற அறிவிப்பு நமக்குப் பழக்கம்தான். கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சியைத் தாக்குப்பிடிக்கும். மின்தடை அதைத் தாண்டும். எனவே உங்கள் ஏரியாவின் அறிவிப்பைப் பார்த்ததும், முதல் நாள் இரவே பருப்பு, தொக்கு டப்பாக்களை ஃப்ரீசருக்கு மாற்றிவிடுங்கள். ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும் தட்டுகள்தான் உள்ளே இருப்பதிலேயே சூடான இடம். சமைத்த உணவை அங்கே வைக்க வேண்டாம்.

தட்டில் என்ன இருந்தால் ‘ஹெல்த்தி’?

வீட்டில் சமைத்தாலே ஹெல்த்தி என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பாதிதான் உண்மை. வீட்டிலேயே செய்த நாலு தோசையும் தேங்காய்ச் சட்னியும் பெரும்பாலும் மாவுச்சத்துதான்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், ஐசிஎம்ஆருடன் சேர்ந்து 2024 மே மாதம் இந்தியர்களுக்கான புதிய உணவு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதன்படி தானியங்கள், சிறுதானியங்களிலிருந்து நமக்குக் கிடைக்கும் கலோரி 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நடைமுறையில் 50 முதல் 70 சதவீதம் வரை தானியத்திலிருந்தே வருகிறது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. தட்டில் பாதி காய்கறி, பழம் இருக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரை.

இதில் ஏன் இவ்வளவு அழுத்தம்? 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி, இந்தியாவில் 20 வயதைத் தாண்டியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இன்னொரு 15.3 சதவீதம் பேர் அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறார்கள். உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை.

அடுத்தது புரதம். ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் என்பது ஐசிஎம்ஆர் 2020-ல் சொன்ன அளவு. 60 கிலோ எடை உள்ளவருக்குச் சுமார் 50 கிராம். அது எதில் எவ்வளவு கிடைக்கும்?

• ஒரு முட்டை: 6 கிராம்
• 30 கிராம் பருப்பு (வேகவைக்கும் முன் எடை): 6 முதல் 7 கிராம்
• 30 கிராம் வேர்க்கடலை: 7 கிராம்
• 200 மி.லி. பால்: 6 கிராம்
• 30 கிராம் சோயா உருண்டை: 15 கிராம்

ரசம் சாதமும் அப்பளமும் சாப்பிட்ட நாளில் இந்தக் கணக்கு எங்கே நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஞாயிறு அன்றே பருப்பு, கடலை, முட்டையை வேகவைத்து வைக்கச் சொல்வதற்குக் காரணமும் இதுதான். பசியோடு வீடு திரும்பும்போது கையில் எது ரெடியாக இருக்கிறதோ, அதைத்தான் சாப்பிடுவோம்.

திங்கள் முதல் வெள்ளி வரை டின்னர் பிளான்

திங்கள், முட்டைத் தொக்கு + தோசை (15 நிமிடம்): இரண்டு கரண்டி தொக்கைக் கொதிக்கவைத்து, கீறிய முட்டைகளைப் போட்டு 5 நிமிடம் மூடிவையுங்கள். கொஞ்சம் மிளகுத்தூள். பக்கத்தில் வெள்ளரிக்காய், கேரட் துண்டுகள்.

செவ்வாய், கீரைக் கடைசல் + சாதம் (20 நிமிடம்): கீரையை நன்றாகக் கழுவி, பூண்டு, பச்சை மிளகாயோடு வேகவைத்து, ரெடியாக இருக்கும் பருப்பைச் சேர்த்துக் கடைந்து தாளியுங்கள். இறக்கியதும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவும். காபி, டீ அதைத் தடுக்கும் என்பதால் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தவிர்க்கலாம்.

புதன், அரிசிம்பருப்பு சாதம் (25 நிமிடம், கை வேலை 8 நிமிடம்): கொங்குப் பகுதியின் ஒரே பாத்திரச் சமையல். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், தக்காளி வதக்கி, அரிசி இரண்டு பங்கு, துவரம்பருப்பு ஒரு பங்கு. கூடவே நறுக்கிவைத்த பீன்ஸ், கேரட்டையும் தாராளமாகப் போடுங்கள். மூன்று விசில். வெந்துகொண்டிருக்கும்போது குளித்துவிட்டு வரலாம். தயிரோடு சாப்பிடுங்கள்.

வியாழன், கோதுமை தோசை + கொண்டைக்கடலைக் குருமா (20 நிமிடம்): காலையிலேயே கடலை டப்பாவை ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். இரவு தொக்கு, கடலை, இரண்டு ஸ்பூன் தேங்காய் விழுது, ஒரு கொதி. சப்பாத்தி பிசைந்து தேய்க்க நேரம் இல்லாததால் கோதுமை தோசை. மாவு கரைத்தால் உடனே ஊற்றலாம்.

வெள்ளி, காய்கறி ஊத்தப்பம் (15 நிமிடம்): இந்த நேரத்துக்கு மாவு நன்றாகப் புளித்திருக்கும். அதுதான் ஊத்தப்பத்துக்குச் சரி. மேலே வெங்காயம், மீதியுள்ள கேரட், குடமிளகாய், கொத்தமல்லி. பருப்புப் பொடியும் நல்லெண்ணெயும். வாரக் கடைசியில் ஃப்ரிட்ஜும் காலி.

இதில் ஒரு நாள் வெளியே சாப்பிட்டால் குடி முழுகிப் போகாது. ஐந்தில் நான்கு நாள் நடந்தாலே பெரிய விஷயம்தான்.

ஃப்ரிட்ஜ் இல்லாத ரூமில் இருப்பவர்கள்?

பேச்சிலர் ரூம், பி.ஜி. என்றால் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பும் சின்னக் குக்கரும்தான் பல பேரிடம் இருக்கும். அப்போது கெட்டுப்போகாத பொருட்களை வைத்துத் திட்டமிடுங்கள். காலையில் பச்சைப்பயறு ஊறவைத்துவிட்டுப் போனால், ராத்திரி வேகவைத்துத் தாளித்துச் சுண்டல். அவல் 5 நிமிடம் ஊறினால் போதும். அதில் வெங்காயம், வேர்க்கடலை, எலுமிச்சை சேர்த்தால் அவல் உப்புமா. ரவையை மொத்தமாக வறுத்து டப்பாவில் வைத்தால் உப்புமாவில் பாதி வேலை முடிந்தது. முட்டை, வாழைப்பழம், வேர்க்கடலை, பருப்புப் பொடி ஆகிய நாலும் ரூமில் எப்போதும் இருக்கட்டும். அன்றன்றைக்குத் தேவையான அளவு மட்டும் சமைப்பது இங்கே கட்டாயம்.

ஒரு எச்சரிக்கை. ராஜ்மாவைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிடக் கூடாது. அதில் உள்ள லெக்டின் என்ற பொருள் வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும். 8 மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் நன்றாக வேகவையுங்கள்.

ரெடிமேட் பொருட்கள் வாங்கலாமா?

எல்லாமே வீட்டில் செய்தால்தான் சரி என்ற பிடிவாதம், சமையலையே விட்டுவிட வைக்கும். கடை இட்லி மாவு, உரித்த பூண்டு, ஃப்ரோசன் பட்டாணி, பன்னீர் எல்லாம் நேரத்தை மிச்சம் பிடிக்கும். கவனிக்க வேண்டியது உப்பு. பாக்கெட் பின்னாடி ‘சோடியம்’ என்று இருக்கும் வரியைப் படியுங்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. சோடியம் கணக்கில் 2,000 மில்லி கிராம். இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், ரெடிமேட் கிரேவி, சூப் பாக்கெட்டுகளில் ஒரு வேளைக்கே இதில் பெரும்பங்கு போய்விடலாம். நம்ம ஊறுகாய், அப்பளம், வத்தலுக்கும் இதே கணக்குதான்.

கடைசியாக: இதையெல்லாம் யார் செய்வது?

‘முன்கூட்டியே தயார் செய்யுங்கள்’ என்ற டிப்ஸ் பெரும்பாலும் ஒருவர் தலையில்தான் விழுகிறது. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வு சொல்வதைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். இது சமையல் மட்டும் இல்லை, எல்லா வீட்டு வேலைகளும் சேர்த்த கணக்கு. ஆனால் வித்தியாசம் எங்கே என்று புரிந்துவிடும். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், ஒருவர் மட்டும் ஞாயிறு 90 நிமிடம் கிச்சனில் நின்றால் அவருக்கு வாரத்தில் லீவு நாளே கிடையாது.

வேலையைப் பிரித்துச் செய்ய இந்த முறை வசதியானது. தாளிப்பு, பக்குவம் தெரியாதவர்கூட வெங்காயம் உரிக்கலாம், கீரை ஆயலாம், டப்பாவில் தேதி எழுதி ஒட்டலாம். ஒருவர் அடுப்பு, ஒருவர் கத்தி என்றால் 90 நிமிடம் 50 நிமிடமாகக் குறையும். ‘என்ன சமைக்கலாம்’ என்று யோசிப்பதும் ஒரு வேலைதான். ஐந்து நாள் மெனுவை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டால், முதலில் வீட்டுக்கு வருபவர் அடுப்பைப் பற்றவைக்கலாம். ‘நீ சொன்னா செய்றேன்’ என்று சோபாவில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

முழு பிளானையும் இந்த வாரமே ஆரம்பிக்க வேண்டாம். முதல் ஞாயிறு தொக்கு மட்டும் செய்து பாருங்கள். அடுத்த வாரம் பருப்பும் முட்டையும் சேரட்டும். மூன்றாவது வாரம் காய் நறுக்குவது. ராத்திரி பசிக்கும்போது கை போனுக்குப் போகாமல் ஃப்ரிட்ஜுக்குப் போக ஆரம்பித்தால், பிளான் வேலை செய்கிறது என்று அர்த்தம்.